மேடையில் பாடியவர் திரையிலும் பாட வேண்டுமா?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் கம்பளையையும் புசல்லாவையையும் கடந்தால் இறம்பொடை வரும். நீர்வீழ்ச்சிக்குப் பெயர்போன அந்த ஊரில்தான் 1923 ஜனவரி 15ஆம் திகதி, கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில், டெய்சி ராசம்மா டேனியல்ஸ் பிறந்தார். பின்னாளில் ருக்மணி தேவி என்ற பெயரில் சிங்கள மேடையையும் இசைத்தட்டையும் திரையையும் ஒருசேர ஆண்டவர் அவர். 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்ட முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’வின் கதாநாயகியும் அவரே.

அந்தப் படம் திரைக்காக எழுதப்பட்டதல்ல. பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன எழுதி, மினர்வா நாடகக் குழு ஊர் ஊராக மேடையேற்றி வெற்றி கண்ட பாட்டு நாடகம் அது. தமிழரான எஸ்.எம். நாயகம் தயாரிப்பாளராக முன்வந்தார். குழுவினர் மதுரைக்குப் போய் சித்ரகலா ஸ்டூடியோவில் நடித்தார்கள். ஜோதிஷ் சின்ஹா இயக்கினார். நாராயண ஐயர் இசையமைத்தார். மேடையில் பாடி நடித்த ருக்மணி தேவி, எடி ஜயமான்ன முதலியோரே திரையிலும் தோன்றினார்கள். இலங்கைச் சினிமாவின் பிறப்பே இப்படி ஒரு நடிகர் தேர்வோடு நடந்ததால், அந்தத் தேர்வை எடைபோடுவது வெறும் பழங்கதை பேசுவதாகாது. பாட்டு நாடகம் ஒன்றைப் படமாக்க நினைக்கும் எவரும் இன்றும் அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்: மேடையில் பாடியவரையே கமராவின் முன் நிறுத்துவதா, திரைக்கேற்ற முகத்தைத் தேடிவிட்டுக் குரலை வேறொருவரிடம் வாங்குவதா?

இத்தகைய படங்களைப் பற்றிப் பேசும்போது பார்வையாளர்களும் விமர்சகர்களும் முதலில் கேட்பது, “அவரே பாடினாரா, வாயசைத்தாரா?” என்பதுதான். சொந்தக் குரல் என்றால் நேர்மை, இரவல் குரல் என்றால் ஏமாற்று என்று தீர்ப்பும் சுடச்சுட வந்துவிடுகிறது. இந்த அளவுகோல் கோணலானது. கேட்க வேண்டியவை மூன்று. பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறும் இடத்தில் பாத்திரம் அதே ஆளாக நிற்கிறதா? அந்தப் பாட்டை அந்த இடத்தில் பாடும் தேவை பாத்திரத்துக்கு இருக்கிறதா? பின்வரிசைவரை எட்டவேண்டிய மேடைக் குரலை, முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் நிற்கும் கமராவுக்கு ஏற்ப இயக்குநர் அடக்கியிருக்கிறாரா? இந்த மூன்றிலும் தேறினால், குரல் யாருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பது இரண்டாம் பட்சம்.

மினர்வா குழு மதுரைக்குப் போனதை இந்த அளவுகோல்களால் பார்த்தால், முதல் இரண்டிலும் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். எந்தப் பாட்டுக்குச் சபை அசைந்தது, எது சோர்வு தந்தது என்பதை அந்த நடிகர்கள் நேரில் கண்டறிந்தவர்கள். ருக்மணி தேவி சிறுவயதிலேயே மேடையேறி, இசைத்தட்டுகளாலும் பெயர்பெற்றிருந்தார். அவருடைய பேச்சுக் குரலையும் பாட்டுக் குரலையும் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே எழவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர் எச்.டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டருடன் பாடிய புத்தகயா பற்றிய பாட்டு, பௌத்த வீடுகளில் பக்திப் பாட்டாகவே ஒலித்தது. குரலுக்கு இருக்கும் நம்பவைக்கும் ஆற்றலுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் கேள்வியில்தான் சறுக்கல். ஜயமான்ன நாடகங்களிலிருந்து வந்த படங்கள் மேடையைப் பெயர்த்துத் திரையில் ஒட்டியவை என்ற குறைச்சொல் நெடுங்காலம் நிலைத்தது. உரத்த உச்சரிப்பு, சபையைப் பார்த்துப் பாடும் நிலை, இந்தியப் பாட்டுகளைத் தழுவிய மெட்டுகள் ஆகியவை அந்தக் குறைச்சொல்லின் உட்பிரிவுகள். குழுவை முழுதாகக் கொண்டுபோனால் அதன் பழக்கங்களும் முழுதாக வந்து சேரும். நடிகர் தேர்வு சரியாக இருந்தும் படம் மேடையை விட்டு நகராததற்குக் காரணம், புதிய ஊடகத்துக்கென அந்த நடிகர்களை யாரும் மறுபடி பழக்காததுதான்.

இதற்கான எதிர்வினை 1956இல் இரு திசைகளிலிருந்து வந்தது. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஏறியது. டிசம்பர் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைக்கு வந்தது. பீரிஸ் ஸ்டூடியோவை விட்டு வெளியே போய்க் கிராமத்தைப் படம்பிடித்தார். சுனில் சாந்தவின் மெட்டுகளும் மார்சலின் ஜயக்கொடி அடிகளின் வரிகளும் இந்திய இரவலிலிருந்து பாட்டை மீட்டன. சரச்சந்திர எதிர்ப்பக்கமாகப் போனார். சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையோடு ‘நாடகம’ என்ற பழைய சிங்களப் பாட்டு நாடக மரபைத் தோண்டி எடுத்து, பல்கலைக்கழக மாணவர்களைப் பாடி ஆட வைத்தார். சினிமா மேடையிடமிருந்து விடுபட்ட அதே பருவத்தில் மேடையும் சினிமாப் பாட்டிடமிருந்து விடுபட்டது. இரண்டும் ஒன்றையொன்று நகலெடுப்பதை நிறுத்திய பிறகே இரண்டுக்கும் தனி முகம் வாய்த்தது.

தமிழ்த் திரை இதே சிக்கலைச் சற்று முன்னரே சந்தித்திருந்தது. மிக வெளிப்படையான எடுத்துக்காட்டு நந்தனார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் ஊர் முழுக்கப் பேசப்பட்டது. இலங்கை மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து பாடிய நாட்களிலிருந்தே ஈழத்து இரசிகர்களுக்கு அறிமுகமான குரல் அவருடையது. பெண் ஆண்வேடம் கட்டுவது மேடை மரபில் புதுமையல்ல. எட்ட இருந்து பார்க்கும் சபைக்குக் குரலே உருவமாகிவிடும். பண்ணையில் உழைத்துத் தேய்ந்த உடம்பைக் கண்முன் கொண்டுவந்து காட்டச் சொல்லும் கமராவோ அந்தச் சலுகையைத் தருவதில்லை. பாட்டுக்காகச் செய்த தேர்வு அது. பாத்திரத்துக்காகச் செய்த தேர்வு 1942இல் வந்தது. ஜெமினியின் ‘நந்தனார்’ படத்துக்கு முருகதாசா தெரிந்தெடுத்தவர் தேவாரம் பாடிப் பழகிய எம்.எம். தண்டபாணி தேசிகர். அவரும் பெரும் பாடகரே. அவரிடம் ஓதுவார் மரபின் பக்திக் குழைவும் பாத்திரத்துக்குப் பொருந்தும் ஆண் உடம்பும் கூடியிருந்தன. இரண்டு படங்களிலும் நடிகரே பாடியிருக்க, பொருத்தத்தில் மட்டும் இவ்வளவு வேறுபாடு இருப்பதைப் பார்த்தால், ‘சொந்தக் குரல்’ என்ற ஒற்றைத் தகுதி எவ்வளவு குறைவானது என்பது தெரியும்.

சுந்தராம்பாளுக்கே அந்தக் கணக்கு ஒருநாள் நேரானது. அவ்வையாரை மேடையில் நிலைநிறுத்திய டி.கே. சண்முகம் ஓர் ஆண். அந்த வேடத்தாலேயே ‘அவ்வை’ சண்முகம் ஆனவர். 1953இல் எஸ்.எஸ். வாசனின் ‘அவ்வையார்’ திரைக்கு வந்தபோது அந்தப் பாத்திரத்தில் சுந்தராம்பாள் இருந்தார். மேடைப் புகழை அப்படியே இறக்குமதி செய்யாமல், அகவையும் அதிகாரமும் பக்தியும் கலந்த ஒரு பெண் குரலைத் தேடிய தேர்வு அது. அந்தக் கம்பீரக் குரலுக்கு முதுமையின் உடல் பகையாகவில்லை. முன்பு ஒட்டாமல் நின்ற அதே பாடகி இங்கே பாத்திரமாகவே ஆகிவிட்டார்.

பின்னணிக் குரலின் பக்கம் வருவோம். 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து ஏ.வி. மெய்யப்பன் தொடங்கிவைத்த முறை, பாடத் தெரியாத நல்ல நடிகர்களுக்குக் கதவைத் திறந்தது. அதன் மிகச் சிறந்த பயன்களில் ஒன்று, மேடையிலிருந்து வந்த படத்திலேயே கிடைக்கிறது. திருவாரூர் கே. தங்கராசுவின் ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் 1954இல் படமானபோது எம்.ஆர். ராதாவை மாற்றுவதற்கு யாரும் துணியவில்லை. கிருஷ்ணன் – பஞ்சுவும் துணியவில்லை. ஆனால் பாட்டு சி.எஸ். ஜெயராமனுடையது. நோயுற்று அலையும் மோகனசுந்தரத்தின் காட்சியில் ஜெயராமன் பாட, வரிகளுக்கு நடுவே ராதாவின் கரகரத்த பேச்சு குறுக்கிட்டுக் குறுக்கிட்டு வருகிறது. இரண்டு தொண்டைகள் என்பது கேட்பவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் உறுத்துவதில்லை, பாட்டு மனச்சாட்சியாகவும் பேச்சு அந்த மனச்சாட்சியிடம் சிக்கிய மனிதனாகவும் பிரிந்து நிற்கின்றன. இரவல் குரலை மறைக்க முயலாமல், அதையே நாடகமாக்கிய இடம் அது.

மறைக்க முயன்றால் என்னவாகும் என்பதற்கு ஹாலிவுட் பதில் சொல்கிறது. 1956இல் பிராட்வே மேடையில் ‘மை ஃபேர் லேடி’யின் எலைசாவாகப் பாடியவர் ஜூலி அன்ட்ரூஸ். 1964இல் படமாக்கியபோது வார்னர் நிறுவனம் அவரை ஒதுக்கிவிட்டு, பெயர்பெற்ற நட்சத்திரமான ஆட்ரி ஹெப்பர்னைத் தெரிந்தெடுத்தது. ஹெப்பர்ன் பாடிப் பதிந்தவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு மார்னி நிக்ஸனின் குரலைப் பொருத்தினார்கள்; படத்தின் பெயர்ப் பட்டியலில் நிக்ஸன் இல்லை. எதிரே நடித்த ரெக்ஸ் ஹாரிசனோ, உடையில் மறைத்த கம்பியில்லா ஒலிவாங்கியோடு, படப்பிடிப்பிலேயே பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரே காட்சியில் ஒருவர் மூச்சு விடுவது கேட்கிறது, மற்றவர் ஸ்டூடியோ மெருகோடு ஒலிக்கிறார். படம் எட்டு ஆஸ்கார் விருதுகளை வென்றது. ஹெப்பர்ன் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருது, ‘மேரி பொப்பின்ஸ்’ படத்துக்காக ஜூலி அன்ட்ரூஸுக்குப் போனது.

2012இல் ‘லே மிசராப்ள்’ படத்தில் டொம் ஹூப்பர் எதிர்த் துருவத்துக்குப் போனார். எல்லா நடிகர்களும் படப்பிடிப்பிலேயே பாடினார்கள்; காதில் பியானோ மட்டும் ஒலித்தது. அழுகையில் உடையும் குரலோடு ஒரே நீண்ட அண்மைக் காட்சியில் பாடிய ஆன் ஹாத்தவே ஆஸ்கார் பெற்றார். அதே முறையில் பாடிய ரசல் குரோவின் குரலோ, ஜாவேர் என்ற காவலதிகாரியின் இரும்புத்தனத்துக்குப் போதவில்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். நேரடிப் பாட்டு என்பது பாடக்கூடியவருக்கு வரம். பாட முடியாதவரை அது மூடிவைப்பதில்லை.

இந்த விவாதத்துக்குக் கண்டிச் சூழலிலிருந்து தமிழர் சேர்க்கக்கூடிய ஒன்று உண்டு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தை மாணவர்களைக் கொண்டு மறுபடி அரங்கேற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘நொண்டி நாடகம்’ 1963இலும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து சி. மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ வந்தது. விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேர அரங்காகச் சுருங்கியது. வட்டக்களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். நகர்ந்தாலும் சபையின் கண்ணிலிருந்து மறையவில்லை. ஆடுபவர் ஓரடி பாட, பிற்பாட்டு அதை ஏந்திக்கொள்ளும். இவர் ஆட்டத்தில் மூச்சிரைக்கும்போது பாட்டை அவர்கள் சுமப்பார்கள். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்திலும், ரதியும் மதனும் தப்பின் அடிக்கு ஆட, கதைப்பாட்டை நடத்திச் செல்வது கூத்து வாத்தியாரின் குரல். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பதில் இந்தச் சபைகளுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாட்டைத் தொழில்நுட்பத்தின் பித்தலாட்டமாகக் காண்பவர்கள் இந்த மரபைக் கணக்கில் எடுப்பதில்லை. சினிமா செய்த தவறு குரலைப் பிரித்ததல்ல, பாடியவரை ஒளித்துவைத்ததே.

எனவே தீர்ப்பை இப்படிப் பிரித்துச் சொல்லலாம். மேடைக் குழுவை முழுதாகத் திரைக்கு எடுத்துச் செல்வது, குரலும் பேச்சும் ஒன்றான ருக்மணி தேவி போன்ற ஒருவர் நடுவில் இருக்கும்போதும், அவர்களைக் கமராவுக்கென மறுபடி பழக்க இயக்குநர் ஆயத்தமாக இருக்கும்போதும் மட்டுமே பலன் தரும். பின்னணிக் குரல், ‘ரத்தக்கண்ணீர்’ போல நடிகரின் பேச்சோடு மல்லுக்கட்டும் இடம் கிடைத்தால் நியாயமானது. நட்சத்திரத்தின் குறையை மூடும் திரையானால் பொய்யாகிவிடும். விளம்பரத்துக்காகப் பாடகரையோ, முகத்துக்காக நட்சத்திரத்தையோ தெரிந்தெடுத்துவிட்டுப் பாத்திரத்தை அவருக்கேற்ப வளைப்பது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தோற்ற தேர்வு.

பேராதனை மரபிலிருந்தோ மலையகத் தோட்டங்களிலிருந்தோ ஒரு கூத்தைப் படமாக்க முனைவோர் இருந்தால், அவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஆடத் தெரிந்தவரை ஆடவிடுங்கள். அண்ணாவியாரையும் வாத்தியாரையும் சட்டகத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். பாட்டை ஆடுகளத்திலேயே, மத்தளமும் தப்பும் ஒலிக்கும்போதே பதிவு செய்யுங்கள். படம் தொடங்கும்போது நடிகரின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், அவருக்காகப் பாடியவரின் பெயரையும் போடுங்கள்.