திசை வகுக்காத நடை

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ (1817–1862) இயற்றிய ‘நடத்தல்’ என்னும் கட்டுரை, வழி வகுக்காமல் காடு மேடுகளில் காலாற நடப்பதையே ஒரு வாழ்க்கை நெறியாக உயர்த்திப் பேசுவது. 1851-இல் காங்கார்டு என்னும் தம் ஊரில் சொற்பொழிவாக அவர் நிகழ்த்திய இது, அவர் காசநோயால் மறைந்த அடுத்த மாதம், 1862 ஜூனில், ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் அச்சேறியது. புகழ்பெற்ற அக்கட்டுரையை ஈண்டு நிறுத்துப் பார்க்க விழைகிறோம்.

நாள்தோறும் நான்கு மணி நேரமேனும் வெளியில் நடவாவிடில் தம் உடலும் உள்ளமும் நலமுறா என்கிறார் தோரோ. புறப்படும்போது திசையை முடிவு செய்வதில்லை. காந்த ஊசி ஆடி ஆடி ஓரிடத்தில் நிலைப்பதுபோல் மனம் தானே ஒரு திசையை நாடுமாம். பெரும்பாலும் அது தென்மேற்காக அமையுமாம். வீட்டைச் சுற்றிப் பத்து மைல் எல்லைக்குள் உள்ள நிலத்தையே எழுபதாண்டு வாழ்விலும் முற்றாக அறிந்துவிட இயலாது என்றும் கூறுகிறார். கட்டுரையின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து. தொலைதூரப் பயணத்திற்குப் பொருளில்லாத எளியோர்க்கும் அது உலகைத் திறந்து காட்டுகிறது.

நடையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை, புனித பூமிக்குச் செல்வதாகக் கூறி ஊர் ஊராய்த் திரிந்த யாத்திரிகரோடு அவர் தொடர்புபடுத்துகிறார். அகராதி வல்லார் இதனை ஏற்பதில்லை. எனினும் அரபு கற்றார்க்கு இவ்விடத்தில் ‘ஸியாஹத்’ என்னும் சொல் நினைவில் எழும். வாய்க்காலின்றி நீர் நிலத்தின்மேல் பரந்தோடுவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அது. வணக்கத்தின் பொருட்டு நாடு சுற்றுவதை உணர்த்திய அச்சொல், இன்று சுற்றுலாவைக் குறிக்கிறது. தவ்பா அத்தியாயத்தில் வரும் ‘ஸாயிஹூன்’ என்பதற்கு நோன்பாளிகள் என்றே முஃபஸ்ஸிர்கள் பலர் பொருள் கொண்டனர். கட்டுச்சோறின்றித் திரிபவனைப் போல நோன்பாளியும் உண்ணாது பொறுக்கிறான் என்பது அவர்கள் காட்டும் இயைபு. ஆகவே, கட்டற்ற அலைதலுக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டை அவர்கள் கண்டனர்.

தோரோவிடம் நாம் காணும் குறை இவ்விடத்தேதான். கடனைத் தீர்த்து, வஸிய்யத்து எழுதி, பெற்றோரையும் மனைவி மக்களையும் மீண்டும் காணாதபடி பிரியத் துணிந்தவனே நடைக்குத் தகுந்தவன் என்கிறார். முதலிரண்டும் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர்க்கு நம் ஃபிக்ஹு நூல்கள் விதித்தவையே. ஆனால் அந்நூல்கள், திரும்பி வரும்வரை குடும்பத்தார்க்குரிய செலவையும் வைத்துச் செல்லப் பணிக்கின்றன. அந்த ஒரு விதி தோரோவின் கட்டுரையில் இல்லை. மணம் புரியாத அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பெற்றோர் குடும்பத்தோடு கழித்தவர். பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருப்பதை எவ்வாறு பொறுக்கின்றனர் என்று வியக்கும் அவர், ஒரு நகைச்சொல்லோடு அதைக் கடந்துவிடுகிறார். மாலையில் தாம் வந்தடையும் அடுப்படியில் தீ மூட்டியவர் யார் என்று வினவவில்லை.

கட்டுரை கற்கத் தக்கதே. நம் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டலாம். ஆயின் நான்கு மணி நேரம் திசையின்றி நடக்க ஒருவர்க்கு வாய்க்குமெனில், அந்நேரத்தில் வீட்டுச் சுமையைத் தாங்கியவர் யார் என்பதையும் உடன் கேட்கப் பழக்குவோம். அவருக்கும் ஒருநாள் அந்த நடை கிட்டுமாறு செய்வது நம் கடமை.