தெரிந்த மலை

தென்காசியில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனி என்றால் ஃபிரிட்ஜுக்குள் பார்ப்பதுதான். அப்படிப்பட்ட நான், அமெரிக்காவில் ஒரு பனிச்சரிவில் நடந்த விபத்தைப் பற்றிய கட்டுரையை ஏழெட்டு முறை வாசித்திருக்கிறேன். ஜான் பிராஞ்ச் எழுதிய ‘ஸ்னோ ஃபால்’. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் வெளியாகி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது.

வாசித்தவர்களைவிட இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். காரணம் அதன் வடிவம். ஸ்க்ரோல் செய்தால் திரையில் பனி பறக்கும், மலையைச் சுற்றி வரைபடம் நகரும், நடுநடுவே வீடியோ ஓடும். அதன்பிறகு பத்திரிகை அலுவலகங்களில் ‘நாமளும் ஒரு ஸ்னோ ஃபால் பண்ணணும்’ என்று பேச ஆரம்பித்தார்கள். இந்தப் புகழ்தான் கட்டுரைக்கு நேர்ந்த அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அலங்காரத்தை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வாசித்தால், அது பனியைப் பற்றிய கட்டுரையே அல்ல. ஒரு கூட்டம் எப்படி வாயை மூடிக்கொள்கிறது என்பதைப் பற்றிய கட்டுரை.

விஷயம் இதுதான். 2012 பிப்ரவரி 19. வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலைத்தொடரில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்கிற பனிச்சறுக்குத் தலம். அதன் எல்லைக்கு வெளியே, காவலோ கண்காணிப்போ இல்லாத டனல் க்ரீக் சரிவில் இறங்குவதற்காக 16 பேர் மேலே போகிறார்கள். இப்படி எல்லைக்கு வெளியே, யார் தடமும் படாத பனியில் சறுக்குவதைத்தான் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்கிறார்கள். இதில் இறங்குகிறவர்கள் சாதாரணமாகவே மூன்று பொருட்களை எடுத்துப் போவார்கள்: புதைந்தால் சிக்னல் கொடுக்கும் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, ஒரு மண்வெட்டி. மூன்றுமே பக்கத்தில் இருப்பவரைத் தோண்டி எடுப்பதற்கு. விளையாட்டுச் சாமானே அப்படி! இதைத் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள்.

அன்றைக்குப் போனவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. தொழில்முறை வீரர்கள், பனிச்சறுக்குப் பத்திரிகைக்காரர்கள், அந்தச் சரிவைப் பல வருடங்களாகக் கையளவு தெரிந்து வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள். பனிச்சரிவு அபாயம் இருப்பதாக முன்னறிவிப்பும் வந்திருந்தது. தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேல் இறகு மாதிரி உறைபனி படியும். அதன்மேல் புதுப்பனி கொட்டினால் அந்த இறகுப் படலம் உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே இருக்கும் கனத்தைத் தாங்க முடியாமல் எப்போது வேண்டுமானாலும் வழுக்கிவிடும். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததா? சரிவு உடைந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். எலீஸ் சாக்ஸ்டாட் என்ற வீராங்கனையும் அடித்துச் செல்லப்பட்டுப் புதைந்தார். முதுகில் மாட்டியிருந்த காற்றுப்பை அவரைக் காப்பாற்றியது.

பிராஞ்ச் பிழைத்தவர்களிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். அங்கேதான் கட்டுரை உயிர்பெறுகிறது. பலருக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கிறது. கூட்டம் ரொம்பப் பெரிது, இன்றைக்கு இது சரியில்லை என்று. ஆனால் ஒருத்தரும் சத்தமாகச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள், ‘உள்ளூர்க்காரர்களுக்கு இந்த மலை தெரியும்’ என்று நினைத்தார்கள். உள்ளூர்க்காரர்களின் பக்கம் இருந்ததோ, ‘இவ்வளவு பெரிய ஆட்களே கூட வருகிறார்களே’ என்ற தெம்பு. இத்தனை அனுபவசாலிகள் கூடி எடுக்கும் முடிவு தப்பாகவா போகும்? ஆளாளுக்கு அடுத்தவரின் அறிவை நம்பினார்கள். தன்னுடைய சந்தேகத்தை மட்டும் நம்பவில்லை.

இது அந்த 16 பேரின் தனிக்கதை இல்லை. இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசி 2004இல் எழுதிய ஆய்வில், மனம் விழும் சில பொறிகளைப் பட்டியலிடுகிறார். முதலில் நிற்பது பழக்கம். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூட, புது இடத்தில் காட்டும் எச்சரிக்கையைத் தெரிந்த சரிவில் காட்டுவதில்லை. இன்னொரு பொறி, கூட்டத்தில் ஒருவரை ‘இவருக்கு எல்லாம் தெரியும்’ என்று தூக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவது.

‘ஸ்னோ ஃபால்’ மீது எனக்குள்ள குறையும் இங்கிருந்துதான் வருகிறது. அதன் அனிமேஷன்கள் பனி எப்படி உடைந்தது, எந்த வழியாகப் பாய்ந்தது என்று பிரமாதமாகக் காட்டுகின்றன. பார்த்து முடித்ததும் ‘ஓ, அந்தப் படலம்தான் காரணம்’ என்று நிம்மதியாக எழுந்து போய்விடலாம். குற்றவாளி பனி! மலையுச்சியில் 16 பேர் சும்மா நின்ற அந்தச் சில நிமிடங்களுக்கு எந்த வரைபடமும் போட முடியாது. அதை எழுத்து மட்டும்தான் தொடுகிறது. இறந்தவர்கள் மேல் உள்ள மரியாதையால் அந்த எழுத்தும் சில இடங்களில் ரொம்ப நாசூக்காக விலகிக்கொள்கிறது. யார் கேட்டிருக்க வேண்டும், யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதில் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம்.

சரி, இதற்கும் குற்றாலத்துக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் மலைக்கு இலக்கியம் உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்கிற குறத்தி, அதைச் சொந்த வீட்டைச் சொல்வது மாதிரி சொல்கிறாள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து கவிதையை எப்படி ரசிப்பது என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வந்த நாங்கள் சாரலை ரசிப்போம், ஐந்தருவிக்கும் சிற்றருவிக்கும் உள்ள வித்தியாசத்தை அரைமணி நேரம் பேசுவோம். ஆனால் மலையில் ஒரு மனிதன் தப்புக் கணக்குப் போட்டதை அவனே எழுதி நான் வாசித்ததில்லை. நம்முடைய மலைக் கட்டுரைகள் பெரும்பாலும் பக்தியில் போய் முடியும், இல்லையென்றால் பரவசத்தில். எழுதுகிறவர் எப்போதும் சரியான வழியில்தான் போயிருப்பார்.

நான் போகவில்லை. 2011 அக்டோபர் என்று நினைவு. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். அடிவாரத்தில் ஓர் ஓடை, அதன் வழியே மேலே கூட்டிப்போனேன். சின்ன வயதிலிருந்து நூறு தடவையாவது போன இடம். பாறையில் உட்கார்ந்து புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஒருவன் கேட்டான்: “மச்சி, தண்ணி கலர் மாறுற மாதிரி இல்ல?”

நானும் பார்த்தேன். டீ மாதிரி ஆகியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மேலே மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. ஆனால் என் வாயில் வந்தது: “ஏல, இது எங்க ஊரு. எனக்குத் தெரியாதா?”

அவன் அப்புறம் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் தண்ணீர் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்கு வந்துவிட்டது. வேரைப் பிடித்துக் கரை ஏறினோம். கேட்டவனுக்குத்தான் மணிக்கட்டு முறிந்தது. ‘பாறை வழுக்கிருச்சு’ என்று வீட்டில் சொன்னோம். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் இறந்தான். ஆட்கள் தலைதெறிக்க ஓடும் வீடியோ எல்லோருடைய போனிலும் வந்தது. ‘காட்டாற்று வெள்ளம்’, ‘எதிர்பாராத விதமாக’ என்று செய்திகள் சொல்லின. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதை நான் பேசப்போவதில்லை. ஆனால் அந்த ‘எதிர்பாராத’ என்ற சொல்லை என் ஓடைக்குப் பொருத்திப் பார்த்தபோது அது பொய்யாக இருந்தது. எதிர்பார்த்தவன் ஒருவன் இருந்தான். கேட்கவும் செய்தான். நான்தான் அவன் வாயை அடைத்தேன்.

மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடும். மேலே ஓடையில் விசில் கிடையாது. கூட வந்தவன் கேட்கிற அசட்டுக் கேள்விதான் அங்கே விசில். ‘ஸ்னோ ஃபால்’ எனக்கு அதைத்தான் புரியவைத்தது. பனியே பார்க்காதவர்களும் அதை ஒருமுறை வாசியுங்கள், முடிந்தால் வீடியோக்களைத் தள்ளிவிட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ‘நான் இந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பேனா?’ என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள். நான் ஏழெட்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் தைரியமாக ‘ஆமாம்’ என்று சொல்ல வரவில்லை.

இந்தக் கட்டுரையை அந்த நண்பனுக்கு அனுப்பப் போகிறேன். மணிக்கட்டு மழைக்காலத்தில் வலிக்கிறது என்று போன வருஷம்கூடச் சொன்னான். பாறை வழுக்கியதாகத்தான் இன்றைக்கும் அவன் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.