ஸ்காட்டும் கல்கியும்: ‘பொன்னியின் செல்வ’னில் தோற்றோர் தரப்பு

முன்னுரை

கல்கியை (1899–1954) ஸ்காட்லாந்து நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்டோடு (1771–1832) ஒப்பிடுவது தமிழ்த் திறனாய்வில் நெடுநாள் வழக்கம். எனினும் அவ்வொப்பீடு பெரும்பாலும் பொதுப்படையாகவே நின்றுவிடுகிறது. ஸ்காட்டின் நாவல் வடிவத்திலிருந்து தமிழ் எதைப் பெற்றது, எதை விட்டது என்பதை ‘வேவர்லி’ (1814), ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்திய மொழிகளில் ஸ்காட்

ஆங்கிலக் கல்வி வழியே ஸ்காட் இந்திய எழுத்தாளர்களுக்கு அறிமுகமானார். வங்கத்தில் பங்கிம் சந்திரரின் ‘துர்கேசநந்தினி’யும் (1865), மலையாளத்தில் சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’வும் (1891) ‘ஐவன்ஹோ’வோடு ஒப்பிடப்பட்டன. தமிழின் முதல் வரலாற்று நாவலான ‘மோகனாங்கி’யைத் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் சென்னையில் வெளியிட்டார். எனினும் இவ்வகைமையைப் பரந்த வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவை கல்கியின் தொடர்கதைகளே.

பெறப்பட்டது: நடமாடும் நாயகன்

ஸ்காட்டின் நாயகர்கள் வரலாற்றின் பெருந்தலைவர்கள் அல்லர். எதிரெதிர் முகாம்களுக்கிடையே நடமாடி அவற்றை வாசகருக்குக் காட்டும் நடுத்தர மாந்தர் என்பது ஜார்ஜ் லூகாச்சின் விளக்கம். வந்தியத்தேவன் அவ்வகையினன். காஞ்சியிலிருந்து ஓலை கொண்டுவரும் அவன், கடம்பூரில் சதியாலோசனையை மறைந்திருந்து கேட்கிறான். தஞ்சைக்கும் பழையாறைக்கும் ஈழத்துக்கும் செல்கிறான். சோழ நாட்டின் அரசியல் அவன் பயணத்தின் வழியே விரிகிறது.

விடப்பட்டது: தோற்றோர் உலகம்

வேவர்லி 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலேயப் படையிலிருந்து கிளர்ச்சியாளர் பக்கம் சாய்கிறான். அச்சாய்வினால் மலைநாட்டுக் குலங்களின் விருந்தோம்பல், தலைவன்பால் கொண்ட பற்று, வறுமை ஆகியவை உள்ளிருந்து புலப்படுகின்றன. குலத்தலைவன் ஃபெர்கஸ் கொல்லப்படும்போது ஒரு வாழ்முறையே முடிவுறுவதை வாசகர் உணர்கின்றனர்.

வந்தியத்தேவனோ சோழர்பால் கொண்ட பற்றில் ஒருபோதும் தளர்வதில்லை. ஆகவே பாண்டியர் தரப்பு பெரிதும் ஆபத்துதவிகளின் சதியாகவே நாவலில் இடம்பெறுகிறது. தோற்ற பாண்டிய நாட்டின் ஊரும் உழவும் காட்டப்படுவதில்லை. நந்தினியின் துயரம் ஆழமாகத் தீட்டப்பட்டிருப்பினும், அது ஒரு பெண்ணின் தனித்துயரமாகவும் பழியுணர்வாகவுமே நிற்கிறது. ஒரு சமூகத்தின் இழப்பாக விரிவதில்லை.

இவ்வேறுபாட்டுக்குச் சான்றுகளின் தன்மையும் ஒரு காரணம். ஸ்காட் அறுபதாண்டுக்கு முந்தைய நிகழ்வை எழுதினார். அதனைக் கண்டோர் கூறியவற்றை அவர் கேட்டு வளர்ந்தவர். கல்கிக்கு ஆயிரமாண்டுக்கு முந்தைய கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே ஆதாரம். அவை வென்றோர் ஆட்சியில் பொறிக்கப்பட்டவை. சிற்றப்பன் விரும்பும்வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்னும் திருவாலங்காட்டுச் செப்பேட்டுச் செய்தியே நாவலின் உச்சமான தியாகமாக வளர்கிறது. ஆயினும் சான்றின்மை முழு விளக்கமாகாது. பூங்குழலியைப் புனைந்த கற்பனைக்குப் பாண்டிய நாட்டு உழவர் குடும்பம் ஒன்றைப் புனைவது இயலாததன்று. அரசுரிமை யாருக்கு என்பதே கல்கியின் வினா. அரசு யாருக்கு என்ன செய்தது என்பதன்று.

முடிவுரை

ஸ்காட்டின் எழுத்து ஸ்காட்லாந்தைப் பற்றிய பொதுப்படிமத்தையே உருவாக்கியது; எடின்பரோவின் தொடர்வண்டி நிலையம் இன்றும் ‘வேவர்லி’ என்னும் பெயர் தாங்குகிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னும் சோழர் காலம் பற்றிய பொதுநினைவை அவ்வாறே வடிவமைத்துள்ளது. அந்நினைவில் தோற்றோர்க்கு இடம் குறைவு. கல்கியைத் தமிழ் ஸ்காட் எனப் போற்றும் ஒப்பீடு இக்குறையை மறைத்துவிடுகிறது. வந்தியத்தேவன் செல்லாத ஊர்களையும் கருத்தில் கொள்ளும்போதே அவ்வொப்பீடு முழுமை பெறும்.