காதில் விழும் காலம்

வரலாற்று வீடியோ கேம்களின் பின்னணி இசையும் ஒரு பிரதிதான். அதற்கும் அரசியல் உண்டு. 2005இல் வெளியான 'சிவிலைசேஷன் 4' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மாலிப் பேரரசின் மான்சா மூசாவாகவோ இந்தியாவின் அசோகராகவோ ஆடலாம். ஆனா மறுமலர்ச்சிக் காலம் வந்தா பாக், மொசார்ட், பீத்தோவன். தொழில் யுகத்தில் துவோர்ஷாக், பிராம்ஸ். நவீன யுகத்தில் ஜான் ஆடம்ஸ். தலைவர்கள் எதிரெதிரே பேசும் திரையில் மட்டும் அந்தந்த நாட்டுச் சாயலில் ஒரு துணுக்கு. காலம்னாலே ஐரோப்பியக் காலம்தான் என்று மூளை சுதாரிக்கும் முன்னரே காது ஒப்புக்கொண்டுவிடுகிறது.

முகப்பில் ஒலிப்பது கிறிஸ்டோபர் டின்னின் 'பாபா யேத்து': சுவாஹிலி மொழியில் கர்த்தர் கற்பித்த ஜெபம். 2011இல் இது கிராமி விருது பெற்றது. வீடியோ கேம் இசையில் அவ்விருதைப் பெற்ற முதல் படைப்பு. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காத பாட்டு. ஆனால் ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்தது திண்ணை; கூடம் ஐரோப்பாவுக்கு.

2009இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 2' வேற மாதிரி. 15ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்ஸில் நடக்கும் கதைக்கு யெஸ்பர் கிட் மின்னணு ஒலியையும் பெண்குரலையும் கலந்து இசைக்கிறார். காலப்பிழை என்று சொல்லலாம்தான். ஆனால் கதைப்படி நாம் உலவுவது அனிமஸ் என்ற எந்திரம் மீட்டுத்தரும் ஒரு மூதாதையின் நினைவில். மின்னொலி அந்த எந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தக் கடந்தகாலம் நிகழ்காலத்தில் செய்யப்பட்டது என்று ஒத்துக்கொள்கிறது. வரலாறு எழுதுகிறவர்களிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த நேர்மையைத்தான்.