தொட்டிக்குள் ஓர் அலை

பவளம் இடம்விட்டு நகராது. இரையையும் ஆக்சிஜனையும் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது சுரக்கும் கோழையையும் கழிவையும் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். வீட்டில் பவளத் தொட்டி வைப்பவர்கள் விளக்கின் மீது காட்டும் அக்கறையை நீரோட்டத்தின் மீதும் காட்ட வேண்டும் என்பேன்.

வேகம் மட்டும் போதாது. ஒரே திசையில் பீய்ச்சியடிக்கும் பம்ப், நேர் எதிரே இருக்கும் பவளத்தின் சதையைச் சுண்ணாம்புக் கூட்டிலிருந்து உரித்தே விடும். பாறைக்குப் பின்னாலோ வண்டல் சேரும். கிளைவிட்டு வளரும் அக்ரோபோராவுக்கு முரட்டு ஓட்டம் பிடிக்கும், ஆனால் அது திசை மாறி மாறி வர வேண்டும். நீண்ட விரல்களை ஆட்டும் டார்ச் பவளத்துக்கு மிதமான ஓட்டமே போதும். விரல்கள் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் பம்பைத் திருப்பி வையுங்கள். முன்னும் பின்னும் அசைந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஹவாயின் வைகிகி மீன்காட்சியகத்தில் இயக்குநராக இருந்த புரூஸ் கார்ல்சனின் பெயரால் வழங்கும் அலைக்கருவி. தொட்டிக்கு மேலே ஒரு வாளி, அதற்குள் வளைந்த குழாய். சிறு பம்ப் வாளியை மெல்ல நிரப்பும். நீர்மட்டம் குழாயின் வளைவைத் தாண்டியதும் வாளித் தண்ணீர் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாயும். குழாயில் காற்று புகுந்ததும் ஓட்டம் அறுபடும். வாளி மறுபடி நிரம்பும். பாய்ச்சலைக் கட்டுப்படுத்த மின்சுற்றோ டைமரோ கிடையாது. இரைச்சலும் நுரையும் உப்புத் தெறிப்பும் உண்டுதான். அந்தப் பாய்ச்சலுக்காக அவற்றைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம்.