ஆரணியில் இரண்டு அட்டைகள்

பட்டென்றால் காஞ்சி என்பார் பலர். ஆரணி என்பார், நெசவும் அறிந்து விலையும் அறிந்தோர். கமண்டல நாகநதிக் கரையிலே, வீட்டுக் கூடத்தைத் தறிக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய இடத்திலே குடும்பம் நடத்தும் மக்கள் நிறைந்த ஊர் அது. அவ்வீடுகளில் தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் அதிலிருந்து சரம் சரமாகத் தொங்கும். மிதியை மிதித்தால் ஓர் அட்டை நகரும். சேலையிலே மயிலின் ஓர் இழை முளைக்கும்.

அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் ஒரு நாள் அட்டைகள் வந்தன. படம் போட்ட அட்டை, எண் எழுதிய அட்டை, கற்றலின் ஏணியிலே எந்தப் படியில் நிற்கிறாய் என்று காட்டும் அட்டை. வீட்டு அட்டைக்கும் பள்ளி அட்டைக்கும் ஏதேனும் உறவு உண்டா? உண்டு என்பது நம் வாதம். அந்த உறவைப் பாடத்திட்டம் காணவில்லை என்பது நம் குறை.

செயல்வழிக் கற்றல் என்ற அந்த முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே துளிர்த்தது. ஆந்திரத்து ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையே அதற்கு வித்து. 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அதன் நன்மையை மறைப்பது அறமாகாது. நாற்காலியில் இருந்த ஆசிரியரைப் பாய்க்கு இறக்கியது அது. எட்டாத உயரத்திலிருந்த கரும்பலகையைப் பிள்ளையின் முழங்கை மட்டத்துக்குக் கொண்டுவந்தது. முந்தியவன் காத்திருக்க வேண்டாம், பிந்தியவன் கூனிக் குறுக வேண்டாம் என்றது. பிரம்பு ஆண்ட இடத்திலே பிள்ளையின் குரல் கேட்டது. சிறிய மாறுதலா இது?

ஆனால், அட்டை என்ன சொன்னது? கூழாங்கல்லை எடுத்து எண்ணு என்று சொல்ல வேண்டிய இடத்திலே, கூழாங்கல்லின் படத்தை எண்ணு என்று பல வேளை சொன்னது. சென்னைக்கு எந்த அட்டையோ, ஆரணிக்கும் அதே அட்டை. குமரிக்கும் அதே அட்டை. கடலும் தறியும் வயலும் அதற்கு ஒன்றே. புத்தகத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் அது செயலாகிவிடுமா? பக்கம் புரட்டிய பிள்ளை அட்டை புரட்டினான். மனப்பாடம் மட்டும் மாறவில்லை. கணிதப் பெட்டி பீரோவிலே பூட்டுண்டு கிடந்த பள்ளிகளையும் கண்டிருக்கிறோம். பொருள் தொலைந்தால் பொறுப்பு யாருக்கு என்ற அச்சம்!

கொரோனா கொள்ளை கொண்ட ஈராண்டுக் கல்வியை மீட்க, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். பெயர் இனிது, பாடலும் ஆடலும் பொம்மையும் வகுப்பிலே நுழைந்தது அதனினும் இனிது. ஆனால் எவன் அரும்பு, எவள் மொட்டு என்று கைப்பேசியிலே குறித்து அனுப்புவதற்கே பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் முறையிடுகிறார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! செயல்வழி எப்படிச் செல்லும்?

இனி, வீட்டு அட்டைக்கு வருவோம்.

பிரெஞ்சு நாட்டு லியோன் நகரிலே, 1804-05 காலத்தில், ஜக்கார்டு என்பவர் செய்து முடித்த கருவி அது. அதற்கு முன் பூவேலைக்கு நூலைத் தூக்கிக் கொடுக்கத் தறியோடு ஒரு சிறுவன் கட்டுண்டு கிடந்தான். அச்சிறுவனின் வேலையை அட்டை ஏற்றது. துளை இருந்தால் ஊசி நுழையும், கொக்கி எழும், பாவு நூல் உயரும். துளை இல்லையெனில் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லில் மயிலும் அன்னமும் மாங்காயும் எழுதப்பட்டன. பட்டிலே ஜக்கார்டின் உருவத்தையே நெய்தார்கள், சுமார் 24,000 அட்டைகள் கொண்டு! அதைப் போற்றி வைத்திருந்த பாபேஜ் என்ற ஆங்கிலேயர், தம் கணக்கிடும் பொறிக்கும் அட்டையையே நாடினார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டையால் எண்ணி முடித்தார். இன்றைய கணினியும் அந்த உண்டு இல்லையைத்தான் பேசுகிறது.

கணினியின் மூதாதை தம் கூடத்திலே தொங்குகிறது என்று ஆரணிப் பிள்ளைக்குச் சொன்ன பாடநூல் எது?

நான்காம் வகுப்பிலே இதைச் செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட தாளிலே ஒரு மாங்காய் வரையட்டும். நிரப்பிய கட்டத்துக்குத் துளை, வெற்றுக் கட்டத்துக்குத் துளையில்லை. பழைய அட்டையிலே துளையிட்டு, வரிசைக்கு எத்தனை என்று எண்ணட்டும். 240 கொக்கி கொண்ட பெட்டியில், ஒரு மாங்காய்க்கு 40 வேண்டுமானால் எத்தனை மாங்காய்? ஆறு. 50 வேண்டுமானால்? நான்கு முழுதாக வரும், 40 மிஞ்சும், ஐந்தாம் மாங்காய் முடம். மீதி என்பது வகுத்தல் கணக்கின் ஓரத்திலே எழுதும் எண் அன்று, சேலையை வாங்குவோர் மறுக்கும் பழுது என்று பிள்ளை அப்போது அறிவான். 'மீதி 40' என்று எழுதி மதிப்பெண் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு அது புரிந்தது?

அறிவியலும் அங்கேயே இருக்கிறது. கச்சாப்பட்டைச் சோப்புக் கலந்த நீரிலே கொதிக்க வைத்து, காயவிட்டு நிறுத்தால், ஒரு கிலோ சுமார் 750 கிராமாகும். கால் பங்கு எங்கே போயிற்று? புழு தன் இழையை ஒட்டப் பூசிய பசை நீரிலே கரைந்தது. கொதிக்க வைப்பது பெரியவர் வேலை. முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பது பிள்ளை வேலை. பட்டு நூலை ஆசிரியர் கொளுத்திக் காட்டினால் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலிலே பொடியாகும். செயற்கை நூலோ உருகிக் கடினமணியாகும். ஏன் மயிர் நாற்றம்? மயிரும் பட்டும் புரதம் என்ற ஒரே வகைப் பொருள். உண்மையைப் பிள்ளை நம்பவேண்டியதில்லை, முகர்ந்தே அறியலாம். பகுத்தறிவு அங்கே தொடங்குகிறது.

இதைப் படிக்கையிலே சிலர் நெற்றி சுருங்கும். தறியைப் பள்ளிக்கு அழைக்கிறாயே, 1953 மறந்ததா என்பர். மறக்கவில்லை. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்சப் பொழுதிலே அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார் இராசகோபாலாச்சாரியார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார், தி.மு.கழகத்தின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அது. 1954 மே மாதத்தில் காமராசர் அத்திட்டத்தை நீக்கினார். அதற்கு முன் 1937இல் வார்தாவிலே அரும்பிய ஆதாரக் கல்வியிலும், பிள்ளை செய்யும் பொருளின் வருவாயிலே பள்ளி நடக்கலாம் என்ற எண்ணம் கலந்திருந்தது.

ஆரணிக்கு இது ஏட்டு வாதம் அன்று. கோர்வைச் சேலைக்குக் கரைப்புறம் நாடா தள்ள ஒரு துணை வேண்டும். அத்துணை பல வீடுகளிலே பிள்ளையாகவே இருந்தது. வாங்கிய முன்பணத்துக்குப் பிஞ்சு விரல்கள் ஈடாக நின்ற கொடுமையைக் காஞ்சியும் ஆரணியும் நெடுங்காலம் கண்டன. 1986இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, பதினான்கு வயதுக்குட்பட்டோர் எத்தொழிலும் செய்யலாகாது என்று ஒரு கையால் எழுதியவர்கள், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று மறு கையால் எழுதினார்கள். ஆரணியிலே தறி இருப்பது வீட்டில்தானே! ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, பத்து நாள் பையின்றித் தச்சரிடமும் குயவரிடமும் சென்று பழகலாம் என்கிறது 2020இன் தேசியக் கல்விக் கொள்கை. யார் பிள்ளை யாரிடம் போவான் என்பதே நம் கேள்வி.

வக்கீலின் மகளும், வண்ணாரின் மகனும், நெசவாளியின் பிள்ளையும் ஒரே பாயிலே அமர்ந்து அந்த அட்டையிலே துளையிட வேண்டும். துளையிட்ட கையே மறுநாள் காந்தத்தையும் உருப்பெருக்கியையும் மின்கலத்தையும் தொட வேண்டும். செய்தது விலைக்குப் போகலாகாது, சேலையாகவும் ஆகலாகாது, பார்த்தபின் பிரிக்கப்பட வேண்டும். தறியைத் தொடும் பிள்ளை நெசவு பழக வரவில்லை, தறியைக் கேள்வி கேட்க வருகிறான். நெசவாளியின் பிள்ளைக்கு மட்டும் தறி, மற்றவர்க்கு ஆய்வுக்கூடம் என்றால், அது 1953இன் மறுபதிப்பு. நாமே முதலில் எதிர்ப்போம்.

தொடுவோன் படிக்கலாகாது, படிப்போன் தொடலாகாது என்று நூற்றாண்டுகளாகப் பிரித்து வைத்த நாடு இது. வெந்ததும் வேகாததும் விரலால் அறிந்தவனுக்கு ஏடு இல்லை; ஏடு அறிந்தவனுக்கு விரல் அழுக்காகவில்லை. கையால் கற்கும் கல்வி வெறும் விளையாட்டு முறை என்று எண்ணுவோர் இந்தப் பிரிவினையைப் பார்க்க மறுக்கிறார்கள். 1907இல் உரோமாபுரி ஏழைக் குடியிருப்பின் பிள்ளைகளுக்காக மாண்டிசோரி அம்மையார் பள்ளி திறந்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். மணி கோத்துப் பத்தும் நூறும் ஆயிரமும் காட்டும் அவர் முறை இன்று பெரும்பாலும் யாருக்குக் கிடைக்கிறது? கட்டணம் கட்டுவோர்க்கு! மணிச்சட்டக் கணக்குக்கும் எந்திரப் பொம்மைக்கும் மாலை வகுப்பு நடத்திப் பணம் பண்ணுவோரும் பெருகிவிட்டனர். ஏழைக்குப் பிறந்த முறை இப்படி வீடு மாறிற்று.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் திருச்சி மாவட்டத்திலே 'வானவில் மன்றம்' தொடங்கிற்று. தன்னார்வலர்கள் கருவிகளைச் சுமந்து பள்ளி பள்ளியாகச் சென்று, பிள்ளைகள் கையாலேயே சோதனை செய்ய வைக்கும் திட்டம். வரவேற்கிறோம். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஏன், ஏன் என்று ஓயாமல் கேட்கும் வயது எட்டு. பதினொன்றில் பிள்ளை விடை எழுதப் பழகிவிடுகிறான். கருவிப் பெட்டியோடு வரும் வண்டி தொடக்கப்பள்ளி வாயிலைக் கடந்து போவானேன்? ஒரு தராசு, இரண்டு காந்தம், நான்கு உருப்பெருக்கி, ஒரு கண்டு நூல், பழைய ஜக்கார்டு அட்டை ஒரு சரம். பீரோவுக்குப் பூட்டு வேண்டாம். உடைந்தால் ஆசிரியர் சம்பளத்திலே பிடிக்கமாட்டோம் என்று ஓர் ஆணை போதும். அந்த ஆணையை எழுதக் கல்வித்துறைக்கு எத்தனை நாள் வேண்டும்?