ஃபேன் வாயை அடைக்காதீங்க

பழைய லேப்டாப் சூடாகுது, ஃபேன் கத்துது என்று தேடினால் தமிழில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்றுதான். ஃபேன் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைப் போடு. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ப்ராசஸர் உச்ச அளவை 99% ஆக்கு. எதுவும் சரிவரலைன்னா வித்துடு.

மூன்றாவதை முதலில் பார்த்துவிடலாம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த கணினிகள் திருவண்ணாமலைப் பக்கம் இன்னும் வீடுகளில் ஓடுகின்றன. அண்ணன் கல்லூரி முடித்த லேப்டாப்பில் இப்போது தங்கை டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கிறாள். அந்த வீட்டில் போய் 'வித்துடு' என்பது யோசனையே இல்லை.

முதல் யோசனை ஆபத்தானது. சூடு சிப்பில் பிறக்கிறது, ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. ஃபேனை அடக்கினால் சத்தம் போகும், சூடு உள்ளேயே தங்கும். சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு அந்த வசதி இல்லை; லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் கிழடாகும். என்பிஎஃப்சி போன்ற கருவிகள் மதர்போர்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சிப்பில் நேரடியாக எழுதுபவை, மாடலுக்கு மாடல் அமைப்புக் கோப்பு வேறு. "உங்க மாடல் இல்லைன்னா கிட்டத்தட்ட ஒண்ணைப் போடுங்க" என்பது பொறுப்பில்லாத பேச்சு.

அக்னி நட்சத்திரத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃபேன் உறிஞ்சுவதும் அந்தக் காற்றைத்தான். அறைக் காற்றைவிடச் சிப்பைக் குளிர வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. ஊர் அக்னித் தலம் என்பதற்காக லேப்டாப்பும் ஆகணுமா? ஏசி அறையில் எடுத்துக் காட்டும் டிகிரிக் கணக்கை நம் வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

99% யோசனையில் விஷயம் இருக்கு. அது டர்போவை நிறுத்துகிறது. சிப் வேகம் ஏற ஏற மின்னழுத்தமும் ஏற வேண்டும். சக்திச் செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் கூடும். ஆகவே கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் சூடு அநியாயமாக ஏறும். ஆனால் அந்தக் காலச் செலரான்களிலும் பெரும்பாலான பென்டியங்களிலும் டர்போவே கிடையாது. அங்கே 99% வெறும் சடங்கு. 80%, 70% என்று இறக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இதை யாரும் சொல்றதில்லை.

யாரும் சொல்லாத இன்னொன்று வீடியோ. 2011 காலத்துச் சிப்களில் ஹெச்.264 வீடியோவைப் பிரிக்கத் தனிப் பகுதி உண்டு, விபி9-க்குக் கிடையாது. யூடியூப் பெரும்பாலும் விபி9 அனுப்புகிறது. அதனால் மொத்தப் பாரமும் ப்ராசஸர் தலையில் விழுந்து ஃபேன் அலறுகிறது. ஹெச்264இஃபை என்ற சின்ன பிரவுசர் நீட்சியைப் போட்டு, தரத்தை 480-ல் வைத்தால் போதும். வகுப்பு கேட்கும் பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும்விட இது உதவும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆரம்ப வருடங்களில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; பலர் அதைத் திறந்தே பார்க்கலை. இன்று இலகுவான ஒரு டெபியனைப் போட்டு, டிஎல்பி நிறுவி, டர்போ இருந்தால் அதில் அணைத்துவிட்டால் பழைய இயந்திரம் மூச்சு விடும்.

இதுக்கெல்லாம் எல்லை உண்டு. எல்லாவற்றையும் மூடிவிட்டு பத்து நிமிஷம் சும்மா விடுங்க. டாஸ்க் மேனேஜரில் சிபியு 5%-க்குக் கீழே இருந்தும் ஃபேன் கத்தினால், பெரும்பாலும் உள்ளே தூசி அடைத்திருக்கும், இல்லை தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதுக்கு மென்பொருள் தேடாதீங்க. கடையில் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க.